சனிக்கிழமை மூணு மணி

வீடு நிறைந்துவிட்டது, காலை வைக்க இடமில்லை என்றால் என்ன செய்வீர்கள்? 'பக்கத்து வீட்டையும் வாடகைக்குப் பிடிப்பேன்' என்று ஒருவர் சொன்னால் அவரை ஒரு மாதிரியாகப் பார்ப்போம். ஆனால் கம்ப்யூட்டர் 'மெமரி தீர்ந்துவிட்டது' என்று சொன்னதும் ஆபீசுக்கு ஆபீஸ் இதைத்தான் செய்கிறார்கள். கடைக்கு ஓடி இன்னொரு மெமரி வாங்கிச் செருகிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். பரணில் ஏறிப் பார்க்கிறவர் ஒருவரும் இல்லை.

எங்கள் கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. (பெயர் கேட்காதீர்கள். நான் இந்த ஊரில் இன்னும் நடமாட வேண்டும்.) முந்நூற்றுச் சொச்சம் பேர் வேலை பார்க்கிறார்கள், முக்கால்வாசி பெண்கள். சனிக்கிழமை சாயந்திரம் வாரக் கூலி. யார் எத்தனை நாள் வந்தார், எத்தனை குரோஸ் அடைத்தார், முன்பணம் எவ்வளவு பிடிக்க வேண்டும், எல்லாம் ஜாவாவில் எழுதிய ஒரு ப்ரோகிராம் கணக்குப் போட்டுச் சீட்டு அடித்துத் தரும்.

திங்கள் முதல் வெள்ளி வரை ப்ரோகிராம் பசு மாதிரி சாது. சனிக்கிழமை மூன்று மணிக்குக் கூலிக் கணக்கை ஆரம்பித்தால் மட்டும், மழை நாளில் கரிசலில் இறங்கிய மாட்டு வண்டி மாதிரி இழுத்து இழுத்து, கடைசியில் 'அவுட் ஆஃப் மெமரி எரர்' என்று ஒரு வரி எழுதிவிட்டு மண்டையைப் போட்டுவிடும்.

கணக்கப்பிள்ளைக்குச் சந்தேகமே இல்லை. "சனிக்கிழமை மட்டும் நிக்குதுன்னா வேற யாரு? சனீஸ்வரன்தான்" என்று எள் விளக்கு போட்டுவிட்டு வந்தார். அடுத்த வாரமும் நின்றது. "அர்த்தாஷ்டமச் சனி போலிருக்கு. ஒரு விளக்கு பத்தாது" என்றார்.

இரண்டு தடவை மெமரி வாங்கிப் போட்டார்கள். கொஞ்ச மாதம் தாங்கியது. (ஜாவா, நீங்களாகச் சொல்லாவிட்டால், மெஷினில் இருக்கும் மெமரியில் கால் பங்கு வரைக்கும்தான் தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளும். முழுப் பணத்துக்கும் பலன் கிடைக்காது என்பது வேறு விஷயம்.) ஆள் கூடக் கூட, மறுபடி அதே சனி, அதே மூன்று மணி.

அப்புறம் அங்கே வேலை பார்த்த ஒரு ப்ரோகிராமர் ஒரு காரியம் செய்தார். அதைத்தான் நான் மன்னிக்க மாட்டேன். பிழை வந்தால் அதை அப்படியே பிடித்து அமுக்கி, ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த ஆளுக்குப் போ என்று நாலு வரி சேர்த்தார். அந்தச் சனிக்கிழமை ப்ரோகிராம் நிற்கவில்லை. எல்லோருக்கும் பரம சந்தோஷம். வேலையை விட்டுப் போகும்போது அவருக்கு ஒரு கைக்கடிகாரம் கூடப் பரிசாகக் கொடுத்தார்கள்.

அதற்கடுத்த சனிக்கிழமை 41 பேருக்குச் சீட்டில் கூலி 'பூஜ்யம்' என்று வந்தது.

"ஆறு நாளும் வந்தேனே ஐயா, ஒரு நாள் கூட லீவு போடலியே" என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா நின்றிருக்கிறார். கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மேலே இருந்தவர் சொல்லிவிட்டார். கணக்கப்பிள்ளை தன் சட்டைப் பையிலிருந்து இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்து, "திங்கக்கிழமை பாப்போம் தாயி" என்று அனுப்பினாராம். ப்ரோகிராம் நின்றே போயிருந்தால் கையால் கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஓடியதால்தான் வினை.

இந்த நிலைமையில்தான் என் மச்சினன் மகன் அங்கே வேலைக்குச் சேர்ந்தான். இரண்டாவது வாரமே லேப்டாப்போடு என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டான்.

"மாமா, அந்த நாலு வரியைத் தூக்கிட்டேன். இப்ப எரர் 214-வது வரியில வருது. அங்க பாத்தா ஆள் பேரையும் ஊர்ப் பேரையும் சேத்து எழுதுது, அவ்வளவுதான். இதுல என்ன தப்பு இருக்கு?"

"மாப்ளே, எட்டயபுரம் டவுன் பஸ்ஸுல கடைசியா ஏறினவன்தான் படியில தொங்குவான். பஸ்ஸை நிறைச்சது அவன்தான்னு சொல்லுவியா?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "அப்ப உள்ள உக்காந்திருக்கிறது யாருன்னு பாக்கணும்" என்றான். புத்திசாலிப் பையன். அவங்க அத்தை பக்கத்து ஜாடை. (வீட்டில் இந்தப் பத்தியைப் படிப்பார்கள்.)

"ஆனா மாமா, ஜாவாவுலதான் கார்பேஜ் கலெக்டர் இருக்கே. குப்பையை அதுவே அள்ளிடும்னுல்ல காலேஜ்ல சொல்லிக் கொடுத்தாங்க?"

அள்ளும். தெருவில் போட்டதை அள்ளும். பரணில் இருப்பதைத் தொடாது. பரணில் இருக்கும் உடைந்த ரேடியோ உங்களுக்குக் குப்பையா பொக்கிஷமா என்று நகராட்சிக்காரருக்கு எப்படித் தெரியும்? ப்ரோகிராமில் எங்காவது ஒரு இடத்திலிருந்து ஒரு நூல் பிடித்துக்கொண்டே போய் ஒரு பொருளைத் தொட முடிந்தால், அது வேண்டிய பொருள். எந்த நூலும் எட்டாவிட்டால்தான் அது குப்பை. இனி ஜென்மத்துக்கும் உபயோகப்படாத பொருளாக இருந்தாலும், ஒரு நூல் மிச்சமிருந்தால் அதன் மேல் கை வைக்க மாட்டார். ஜாவாவில் மெமரி ஒழுகுகிறது என்றால், பெரும்பாலும் யாரோ ஒரு நூலை விட மறந்திருக்கிறார்கள்.

இந்தக் குப்பை அள்ளும் யோசனை ஜான் மெக்கார்த்தி என்ற அமெரிக்கப் பேராசிரியருடையது. லிஸ்ப் என்ற மொழிக்காக அவர் எழுதிய கட்டுரை 1960-ல் வெளிவந்தது. அந்தக் காலகட்டத்தில் எம்.ஐ.டி.யில் லிஸ்ப்பை வெளியாட்களுக்கு முதன்முதலாகச் செய்து காட்டினார்கள். கம்ப்யூட்டர் ஓரிடத்தில், பார்வையாளர்கள் இன்னோரிடத்தில், நடுவில் டெலிவிஷன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, வினாடிக்குப் பத்தே எழுத்து அடிக்கும் டைப்ரைட்டர் திடீரென்று, 'குப்பை அள்ளுகிறவரைக் கூப்பிட்டிருக்கிறோம், சுவையான சில புள்ளிவிவரங்கள் இதோ' என்கிற ரீதியில் ஆரம்பித்து, ஒரு முழுப் பக்கத்தைத் தட்டத் தொடங்கிவிட்டது! ஒத்திகைக்குப் பிறகு மெமரியைச் சுத்தம் பண்ணாமல் விட்டதால், நடுவிலேயே இடம் தீர்ந்துவிட்டது. குப்பையைப் பற்றி அதுவரை பார்வையாளர்களிடம் யாரும் மூச்சு விட்டிருக்கவில்லை. பேச வந்தவரும் கேட்க வந்தவர்களும் சிரித்துச் சிரித்து ஓய்வதற்கும் நேரம் முடிவதற்கும் சரியாக இருந்ததாம்.

மெக்கார்த்தியின் அந்த வழவழா டைப்ரைட்டரைத்தான் நாங்களும் கூப்பிட்டோம். ஜாவாவில் ஜிசி லாக் என்று ஒன்று உண்டு. குப்பை அள்ளும் ஒவ்வொரு தடவையும், அள்ளுவதற்கு முன் எவ்வளவு, அள்ளிய பின் எவ்வளவு என்று எழுதி வைக்கும். அதைப் படமாகப் போட்டால் ரம்பத்தின் பல் மாதிரி ஏறி இறங்கும். எல்லோரும் உச்சியைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அடியை.

எங்கள் பக்கத்துக் கண்மாயை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிறைந்து நிற்கும்போது கரையில் நின்று பார்த்து என்ன பிரயோஜனம்? சித்திரையில் வற்றும்போதுதான் தரை எங்கே இருக்கிறது, வண்டல் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று தெரியும். பையன் ஒரு வாரம் லாக் எடுத்தான். முழுசாக அள்ளி முடித்த பிறகும் மிச்சம் நின்றது திங்கட்கிழமை 300 எம்.பி., புதன்கிழமை 1,100, வெள்ளிக்கிழமை ராத்திரி 1,900. தரை ஏறிக்கொண்டே போகிறது.

சனிக்கிழமை மதியம் நிலைமை இன்னும் மோசம். மெஷின் கூலிக் கணக்குப் போடுவதை விட்டுவிட்டு முழு நேரமும் பெருக்கிக்கொண்டிருந்தது. 'இழுத்து இழுத்து' ஓடியதன் காரணம் அதுதான். ஜாவாவில் ஒரு வகைக் கலெக்டருக்கு இதற்கொரு சட்டமே உண்டு: நேரத்தில் 98 சதவீதத்துக்கு மேல் பெருக்குவதில் கழிந்து, 2 சதவீத இடம் கூடத் தேறவில்லை என்றால், இடம் துளி மிச்சமிருந்தாலும் எரர் கொடுத்துவிடும். இந்தச் சட்டத்தை நம் ஆபீஸ்களுக்கும் கொண்டுவந்தால் எத்தனை பேர் தேறுவோம் என்று தெரியவில்லை.

அடுத்து, 'ஹீப் டம்ப் ஆன் அவுட் ஆஃப் மெமரி எரர்' என்று ஆகப் பெரிய பெயர் கொண்ட ஒரு ஸ்விட்ச். போட்டு வைத்தால், ஜாவா சாகும்போது தன் வயிற்றில் இருந்ததையெல்லாம் ஒரு ஃபைலில் கொட்டிவிட்டுச் சாகும். ப்ரோகிராம் உயிரோடு இருக்கும்போதே போட்டு வைத்திருக்க வேண்டும். டிஸ்க்கில் அத்தனை இடமும் இருக்க வேண்டும். இன்னொன்று, அந்த ஃபைலில் ஊழியர் பெயர், பாங்க் நம்பர் எல்லாம் அப்படியே கிடக்கும். 'கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கண்ணே' என்று கண்டவருக்கெல்லாம் அனுப்பி வைக்காதீர்கள்.

எக்லிப்ஸ் மெமரி அனலைசர் என்று காசில்லாமல் கிடைக்கும் ஒரு சாமான் இருக்கிறது. அதில் அந்த ஃபைலைத் திறந்தான். யார் எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று வரிசைப்படுத்திக் காட்டும். முதல் ஆளே 80 சதவீதத்துக்கு மேல்! ஒரே ஒரு 'மேப்'. வருகைப் பதிவுக்கு ஒருவர் விரல் வைக்கும்போதெல்லாம் அவர் போட்டோவை டிஸ்க்கிலிருந்து எடுக்க நேரமாகிறதென்று, எடுத்ததை மெமரியிலேயே வைத்துக்கொள்ள யாரோ செய்த ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். ஆனால் எந்தப் பெயரில் வைத்தார்கள்? ஊழியர் எண்ணோடு அந்த நேரத்தையும் வினாடி சுத்தமாகச் சேர்த்து! காலை 8 மணி 2 நிமிடம் 11 வினாடிக்கு வைத்த போட்டோவை அப்புறம் எவரும் அந்தப் பெயரில் தேடப் போவதில்லை. அடுத்த தடவை புதிதாக ஒன்று. ஒரே அம்மாவின் அதே போட்டோ வாரத்தில் இருபத்துச் சொச்சம் தடவை பரணில் ஏறியிருந்தது.

சனிக்கிழமை ரகசியமும் உடைந்தது. தீப்பெட்டிக் கம்பெனி அல்லவா, தீ பயம். சனிக்கிழமை ராத்திரி வாட்ச்மேன் மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். திங்கட்கிழமை காலையில் எல்லாம் புத்தம் புதிதாகத் தொடங்கும். ஆறு நாள் வண்டல் சேர்ந்த பிறகு, அதன் தலையில் கூலிக் கணக்கு. ஆக, இத்தனை நாளும் கம்பெனியைக் காப்பாற்றி வந்தவர் வாட்ச்மேன்தான். அவருக்கு யாரும் கைக்கடிகாரம் கொடுக்கவில்லை.

பையன் அந்த மேப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, ஊழியர் எண்ணை மட்டும் பெயராக வைத்து, நூறு போட்டோவுக்கு மேல் போனால் பழையது தானாக விழுகிற மாதிரி மாற்றினான். கூலிக் கணக்கை, முந்நூறு பேருக்கும் முழுசாக முடிந்தால்தான் செல்லும், இல்லாவிட்டால் ஒன்றுமே பதிவாகாது என்று கட்டினான். மெமரி தீர்ந்தால் அடம் பிடிக்காமல் செத்துவிடு, செத்ததும் தானாகப் புதிதாக எழுந்திரு என்று இன்னொரு ஸ்விட்ச். மெமரி தீர்ந்த நேரத்தில் ப்ரோகிராமின் எந்தப் பகுதி பாதியில் கையை விட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு இடத்தில் பிழையைப் பிடித்துவிட்டால் மற்ற இடம் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அந்த 41 பூஜ்யமும் அப்படி வந்தவைதான்.

எல்லாக் கேசும் வண்டல் கேஸ் அல்ல. 2023 டிசம்பர் 17, 18-ல் எங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்தது ஞாபகமிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இங்கே ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதை விட அதிகம். தூர் வாரிய கண்மாயும் அதற்குத் தாங்காது. ப்ரோகிராமிலும் அப்படி உண்டு. முதலாளி திடீரென்று 'பத்து வருஷ ரிப்போர்ட்டை ஒரே அடியாகக் கொடு' என்பார். அதற்கு ஹீப் டம்ப் பார்த்துத் துப்பறிய வேண்டியதில்லை. அடித் தரை ஏறியிருக்காது. ஒரே தாவலாக உச்சிக்குப் போயிருக்கும். ரிப்போர்ட்டை மாதம் மாதமாகப் பிரித்து எடுக்க வேண்டும். இத்தனை வரிக்கு மேல் தரமாட்டேன் என்று வாசலிலேயே சொல்லவும் வேண்டும். கண்மாய்க்கு மறுகால் வைத்தவர்கள் செய்ததும் அதுதான்: கரை உடைவதற்குள் மிஞ்சியதை வெளியே விடு.

பையனுக்கு இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு சந்தேகம். "எதுக்கு மாமா இத்தனை பாடு? தினம் ராத்திரி ஒரு தடவை ஆஃப் பண்ணிப் போட்டா முடிஞ்சு போச்சே?"

2005 அக்டோபரில் அமெரிக்காவில் டிரைவர் இல்லாத கார்களுக்கு ஒரு பந்தயம் நடந்தது. மொஹாவி பாலைவனத்தில் 132 மைல். பிரின்ஸ்டன் மாணவர்களும் ஒரு வண்டி கொண்டு போனார்கள். ப்ரோகிராம் சி ஷார்ப் மொழியில். அதிலும் குப்பை அள்ளுகிறவர் உண்டு. வழியில் தென்படும் தடைகளைக் குறித்து வைத்துக்கொண்டு, கடந்ததும் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். ஆனால் நீக்கிய தடைகள் எல்லாம் 'கார் நகர்ந்தால் எனக்கும் சொல்' என்று இன்னோரிடத்தில் பெயர் கொடுத்து வைத்திருந்தன. அந்தப் பெயரை யாரும் அடிக்கவில்லை. ஒன்று கூடக் குப்பைக்குப் போகவில்லை. சோதனை ஓட்டங்களில் 40 நிமிடத்துக்கு மேல் ஓடினால் மெஷின் மெதுவாகி மயங்கிவிடுவதை மட்டும் கண்டார்கள். காரணம் தெரியவில்லை. பந்தயத்துக்கு முந்தைய ராத்திரி, நம்ம பையன் சொன்ன யோசனையைத்தான் செய்தார்கள்: 40 நிமிடம் ஆனதும் காரை நிறுத்திக் கம்ப்யூட்டரை அணைத்துப் போட ஒரு டைமர்.

பந்தயப் பாதையில் இரண்டு பக்கமும் புதர். ஒவ்வொரு புதரையும் கார் தடை என்று குறித்துக்கொண்டது. (நம்ம சீமைக் கருவேலங் காட்டில் விட்டிருந்தால் ஐந்து நிமிடம் தாங்கியிருக்காது.) பத்து மைலைத் தொடுவதற்குள் நின்றுவிட்டது. அப்போது ஓட ஆரம்பித்து 28 நிமிடம் ஆகியிருந்தது.