உங்கள் அணி, எங்கள் அணி

சாலைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் நம் அன்பர்கள் எளிதில் மனம் கலங்காதவர்கள். மிளகாய் விலை சரிந்தாலும் சரி, எதிர்பாராத மழையில் சரக்கு மூட்டை நனைந்தாலும் சரி, “போகட்டும்” என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு, மறுநாள் காலையில் வழக்கம்போல் கடையைத் திறந்துவிடுவார்கள். ஆனால் தாம் விரும்பும் கிரிக்கெட் அணி தோற்றுவிட்டால் மட்டும் அந்த நிதானம் எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை.

ஆரியசாலையில் எங்கள் வீட்டுக்கு அருகே மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இங்கே நாற்பது ஆண்டுகள் ஆனவர். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில், சென்னை சூப்பர் கிங்ஸ் அணி தன் சொந்த மைதானமான சேப்பாக்கத்திலேயே பஞ்சாபிடம் தோற்று, அடுத்த சுற்றுக்குச் செல்லும் வாய்ப்பை இழந்தது. மறுநாள் நான் கடைக்குச் சென்றபோது, சுவரில் தொங்கிய மஞ்சள் சட்டைப் படத்தை அவர் திருப்பி மாட்டியிருந்தார். படத்தின் முதுகுப்புற அட்டைதான் தெரிந்தது. “இனிமே அவனுவ மூஞ்சியில முழிக்க மாட்டேன் தம்பி” என்றார். ஐந்து முறை கோப்பையை வென்ற அணி, அவ்வாண்டு பதினான்கு பந்தயங்களில் நான்கில் மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தைப் பெற்றது. அண்ணாச்சியின் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

சங்கத்தின் இதழில் விளையாட்டைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். காரணம் இருக்கிறது. அதே ஆண்டின் தொடக்கத்தில் என் வீட்டிலேயே ஒரு சிறு பிளவு ஏற்பட்டது. அது கிரிக்கெட்டால் விளைந்தது போல் தோன்றினும், உண்மையில் ஊர் விட்டு ஊர் வந்த நம் எல்லாருடைய வீடுகளையும் சார்ந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

ரஞ்சிக் கோப்பைப் பந்தயங்களில் மாநிலத்துக்கு மாநிலம் மோதும். ஆகையால் அதில் ஊர்ப்பற்றுக்கு இடம் அதிகம். தமிழ்நாடு அக்கோப்பையை இருமுறைதான் வென்றிருக்கிறது. சென்னை மாநிலம் என்று பெயர் வழங்கிய காலத்தில், 1954-55-இல் ஹோல்கார் அணியை வென்றது முதல் முறை. 1987-88-இல் சென்னையில் இரயில்வே அணியை வென்றது இரண்டாம் முறை. அவ்வெற்றி நான் பிறப்பதற்கு முன்னரே கிடைத்துவிட்டது. அன்று தோற்றது எங்கள் இரயில்வேயின் அணியாதலால், அந்த ஒரு வெற்றியையும் கொண்டாட எனக்கு உரிமையில்லை என்று அலுவலகத்து நண்பர்கள் வேடிக்கை செய்வதுண்டு. அதன் பின்னர் தமிழ்நாடு ஆறு முறை இறுதிப் பந்தயத்தை எட்டியது. ஆறு முறையும் தோற்றது. 2024 மார்ச்சில் அரையிறுதியில் மும்பையிடம் ஓர் இன்னிங்ஸும் 70 ஓட்டங்களும் வித்தியாசத்தில் தோற்றபோது, டாஸில் வென்று முதலில் மட்டை பிடிக்க முடிவு செய்ததே பிழை என்று அணியின் பயிற்சியாளரே வெளிப்படையாகக் குறை கூறினார். தலைவரை இப்படிப் பலர் முன் கைவிடலாமா என்று அவரையே பின்னர் பலர் கண்டித்தனர். ஆக, தோல்வி ஒன்று. அதற்காக நடந்த சண்டைகள் பல.

2025 பிப்ரவரியில் மீண்டும் நம்பிக்கை துளிர்த்தது. தமிழ்நாடு காலிறுதிக்கு வந்தது. நாகபுரியில் விதர்ப்பத்துடன் பந்தயம். விதர்ப்பத்தின் கருண் நாயர் முதல் இன்னிங்ஸில் 122 ஓட்டங்கள் குவித்தார். தமிழ்நாடு 198 ஓட்டங்கள் வித்தியாசத்தில் தோற்றது. நான் பணி முடிந்து வீடு திரும்பியபோது, நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகன் வாசலிலேயே நின்று, “அப்பா, உங்க டீம் தோத்துட்டு” என்று சிரித்தான்.

தோல்விச் செய்தி எனக்கு முன்னரே தெரியும். அது என்னை அவ்வளவு வருத்தவில்லை. ‘உங்க’ என்ற அந்தச் சொல்தான் முள்ளாகத் தைத்தது. வீட்டில் தமிழ் பேசுகிறான். பொங்கலுக்குப் பாட்டி ஊருக்கு வருகிறான். ஆயினும் அவனுக்கு அது ‘உங்கள்’ அணி. கடிந்து பேச வாயெடுத்தேன். என் மனைவி கண்ணாலேயே தடுத்துவிட்டாள். அன்றிரவு நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

அவனுடைய ‘எங்கள்’ அணியாகிய கேரளம் அதே நாட்களில் புனேயில் ஜம்மு காஷ்மீருடன் காலிறுதி ஆடிக்கொண்டிருந்தது. இவ்வகைப் பந்தயம் வெற்றி தோல்வியின்றி முடியுமானால், முதல் இன்னிங்ஸில் முன்னிலை பெற்ற அணியே அடுத்த சுற்றுக்குச் செல்லும் என்பது விதி. எதிரணி எடுத்தது 280. கேரளம் ஒன்பது விக்கெட்டுகளை இழந்த பின்னும், கடைசி இருவர் நின்று 81 ஓட்டங்கள் சேர்த்து 281-ஐ எட்டினர். ஒரே ஓட்டம்! அடுத்து அகமதாபாத்தில் குஜராத்துடன் அரையிறுதி. கேரளம் 457. குஜராத் ஒன்பது விக்கெட்டுகளை இழந்து 455-இல் நின்றது. கடைசி ஆட்டக்காரர் ஓங்கி அடித்த பந்து, அருகே குனிந்து நின்ற சல்மான் நிசாரின் தலைக்கவசத்தில் பட்டு மேலெழும்பி, ஸ்லிப்பில் நின்ற தலைவர் சச்சின் பேபியின் கைகளில் வந்து விழுந்தது. இரண்டே ஓட்டங்கள் முன்னிலை! வரலாற்றில் முதன்முறையாகக் கேரளம் இறுதிப் பந்தயத்துக்குச் சென்றது. எங்கள் தெருவில் வெடி வெடித்தார்கள். என் மகன் அன்று தரையில் நிற்கவில்லை.

இறுதிப் பந்தயமும் நாகபுரியில். எதிரியும் அதே விதர்ப்பம். பிப்ரவரி 26-இல் தொடங்கிற்று. விதர்ப்பம் 379. கேரளத்தை இழுத்துச் சென்ற சச்சின் பேபி, சதத்துக்கு இரண்டு ஓட்டங்கள் இருக்கையில் தூக்கியடித்து ஆட்டமிழந்தார். அதன் பின் எஞ்சியவர்கள் நெடுநேரம் நிற்கவில்லை. கேரளம் 342. முப்பத்தேழு ஓட்டங்கள் குறைவு. எந்த விதி இருமுறை கைதூக்கிவிட்டதோ, அதே விதி இப்பொழுது கைவிட்டது. இரண்டாவது இன்னிங்ஸில் கருண் நாயர் 31 ஓட்டங்களில் இருந்தபோது கொடுத்த பந்தை ஸ்லிப்பில் ஒருவர் தவறவிட்டார். நாயர் 135 வரை சென்றார். மார்ச் 2-ஆம் தேதி பந்தயம் முடிவின்றி முடிந்தது. கோப்பை விதர்ப்பத்துக்குச் சென்றது.

அன்று மாலை நான் மகனை அழைத்துக்கொண்டு அண்ணாச்சி கடைக்குச் சென்றிருந்தேன். பையன் அழுதழுது முகம் வீங்கியிருந்தான். அண்ணாச்சி அவனைப் பார்த்து, “நம்மள அடிச்சவன்தானே அவனுவளையும் அடிச்சான், அடிக்கட்டும்” என்று சொல்லிச் சிரித்தார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனினும் எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. “அப்படிச் சொல்லாதீங்க அண்ணாச்சி, நம்ம பையனுவதானே” என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நான் யாரை ‘நம்ம’ என்றேன் என்பது எனக்கே விளங்கிற்று. மகன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

அன்பர்களே, நாம் எந்த ஊரார் என்பதை வெற்றி ஒருபோதும் சொல்லாது. வென்ற அணிக்கு எல்லாரும் உறவினர்கள். வெடி வெடித்த நாளன்று எங்கள் தெருவில் கிரிக்கெட் இன்னதென்று அறியாதவர்களும் கூடியிருந்தனர். தோல்வி வந்த மாலையில் யாருக்கு நெஞ்சு கனக்கிறதோ அவர்களே அந்த அணிக்கு உரியவர்கள். பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்காக ஒரு முறை, மார்ச்சில் கேரளத்துக்காக ஒரு முறை எனக்கு நெஞ்சு கனத்தது. இரண்டு வீடுகளுக்கு உரியவன் இரண்டு வீட்டுத் துக்கங்களுக்கும் போகவேண்டியவனே. அதை நான் நஷ்டமாகக் கருதவில்லை.

அந்த இறுதிப் பந்தயத்தையே சற்று உற்று நோக்குங்கள். கேரளத்தின் கனவைக் கலைத்த கருண் நாயர் மலையாளப் பெற்றோரின் மகன். ராஜஸ்தானத்து ஜோத்பூரில் பிறந்தவர். கர்நாடகத்துக்காக ஆடி, அங்கே இடமிழந்த பின் விதர்ப்பத்தில் புகலிடம் பெற்றவர். கேரளத்துக்காக 79 ஓட்டங்கள் எடுத்தவரும், அரையிறுதியில் அந்தக் கடைசி விக்கெட்டை வீழ்த்தியவருமான ஆதித்ய சர்வதே, முன்பு விதர்ப்பத்துக்கே கோப்பை வாங்கித் தந்தவர். இருவரும் பிழைக்கப் போன இடத்துக்கு உண்மையாக உழைத்தார்கள். அதற்காகப் பிறந்த இடத்துக்குத் துரோகம் செய்தார்கள் என்று எவரும் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் நாம் ஏன் வேறொரு தராசு பிடிக்கவேண்டும்?

கோபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தோற்ற அணியைத் திட்டக்கூடாது என்று நான் உபதேசம் செய்யப் போவதில்லை. அன்பு வைத்தவன் கோபிப்பான். பரீட்சையில் தவறிய பிள்ளையைப் பெற்றவன் கண்டிப்பது போல. ஆனால் பெற்றவன் கண்டித்துவிட்டு இரவில் சோறு போடுகிறான். அடுத்த பரீட்சைக்குப் புத்தகம் வாங்குகிறான். திட்டிவிட்டு அடுத்த பந்தயத்துக்கும் வந்து நிற்பவனுக்கே அந்த உரிமை உண்டு. மேலும், பதினோரு பேர் ஐந்து நாள் ஆடிய ஆட்டத்தின் பழியை, பந்தை நழுவவிட்ட ஒருவன் தலையிலோ, டாஸில் முடிவு செய்த ஒருவன் தலையிலோ சுமத்துவது எளிது, நியாயமன்று. பந்து நழுவுவதற்கு முன்பே அந்த 37 ஓட்டங்கள் கணக்கில் ஏறிவிட்டன. இதை என் மகனிடம் எண்களாலேயே விளக்கினேன். கண்ணீருக்கு நடுவிலும் கணக்கு அவனுக்குப் புரிந்தது. தோல்வியைக் கணக்காகப் பார்க்கக் கற்ற பிள்ளை, நாளை வாழ்க்கையில் தோற்கும்போது எவன் மீதும் பழி போடாமல் இருப்பான் என்பது என் நம்பிக்கை.

அண்ணாச்சியின் படம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். பல மாதங்கள் அது சுவரைப் பார்த்தபடியே இருந்தது. 2025 நவம்பரில், 2023-இல் கடைசி இரு பந்துகளில் கோப்பையைப் பெற்றுத் தந்த ஜடேஜாவையே சாம் கரனுடன் ராஜஸ்தானுக்கு விட்டுக்கொடுத்து, சென்னை அணி சஞ்சு சாம்சனைப் பெற்றுக்கொண்டது. சஞ்சு நம் திருவனந்தபுரத்துக் கடற்கரைப் பிள்ளை. தந்தையின் உத்தியோகத்தால் டெல்லியில் வளர்ந்து, பின் இங்கே திரும்பி வந்து ஆளானவர். செய்தி வந்த மறுநாள் என் மகன் கடைக்கு ஓடி, “அண்ணாச்சி தாத்தா, எங்க சஞ்சு உங்க டீமுக்கு வந்துட்டான்” என்றான்.

அண்ணாச்சி நாற்காலியில் ஏறி, படத்தை நேராகத் திருப்பித் தூசி தட்டினார். “உங்க டீம் என்னலே, எங்க டீம் என்னலே! இனிமே தோத்தா ரெண்டு பேரும் சேர்ந்து திட்டுவோம்” என்றார்.

பையன் இன்னும் சில நேரம் ‘உங்க டீம்’ என்றுதான் சொல்கிறான். நான் இப்பொழுது திருத்துவதில்லை.