நெஸ்தோரியஸைப் படிக்காமல் எழுதும் தீர்ப்பு

'கிறிஸ்துவை இருவராகப் பிளந்தவர்.' திருச்சபை வரலாற்றைப் போகிறபோக்கில் தொட்டு எழுதுவோர் நெஸ்தோரியஸை இந்த ஒற்றை வரியில் புதைத்துவிட்டு மேலே நகர்ந்துவிடுகிறார்கள். அந்த வரி யாருடையது என்று கேட்பதில்லை. அது அவருடைய எதிரிகளின் வரி.

428இல் கான்ஸ்டான்டிநோபிளின் பேராயரான அவர், மரியாளைக் 'கடவுளைப் பெற்றவள்' என்பதைவிடக் 'கிறிஸ்துவைப் பெற்றவள்' என்பதே பொருத்தம் என்றார். பிறப்பும் துன்பமும் சாவும் கிறிஸ்துவின் மனிதத்தன்மைக்கு உரியவை. அவற்றைத் தெய்வத்தன்மையின்மேல் ஏற்றக்கூடாது என்பது அவர் வாதம். அலெக்சாந்திரியப் பேராயர் சிரில் இதை 'இரண்டு மகன்கள்' என்று வாசித்தார். 431 ஜூன் 22 அன்று, அந்தியோக்கிய ஆயர்கள் வந்து சேருமுன்பே, எபேசு சங்கத்தைக் கூட்டினார். நெஸ்தோரியஸ் அவைக்கு வரவில்லை. அன்றே அவர் பதவி பறிக்கப்பட்டது. பின்னர் அரசவையினருக்குச் சிரில் தரப்பு அளித்த பொன், கம்பளம், தந்த நாற்காலிகளின் பட்டியல் இன்றும் நம்மிடம் இருக்கிறது. 435இல் நெஸ்தோரியஸின் நூல்களை எரிக்கப் பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் ஆணையிட்டார்.

அவரைப் புனிதராக்குவது என் நோக்கமன்று. பதவியேற்ற கையோடு மாற்றுக் கொள்கையினரை ஒடுக்கத் துணிந்தவர் அவர். தாம் தீட்டிய வாளுக்கே இரையானார் எனலாம். ஆனால் ஒருவர் கொடியவரா என்பது வேறு, அவர் சொன்னது என்ன என்பது வேறு.

எகிப்தியப் பாலைவனச் சோலையில், நாடுகடத்தப்பட்ட நிலையில் அவர் எழுதிய தன்விளக்கம் சிரியாக் மொழிபெயர்ப்பில் பிழைத்திருந்தது, 1910இல் அச்சேறியது. அதில் 'இரண்டு மகன்கள்' என்ற குற்றச்சாட்டை அவர் மறுக்கிறார். அவருடைய ஒருமைக் கோட்பாடு போதாது என்று வாதிடலாம். அதற்கும் நூலைப் படித்தாக வேண்டும். குண்டலகேசியின் வாதங்களைப் பெரிதும் நீலகேசியின் மறுப்பு வழியே அறிய நேர்ந்த நமக்கு இந்த எச்சரிக்கையைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை.

'சங்கம் தீர்ப்பளித்தாயிற்று, இனி என்ன பேச்சு?' என்பார்கள். 1994இல் போப் இரண்டாம் ஜான் பாலும் அசீரியத் திருச்சபைத் தலைவர் மார் தின்காவும் கையொப்பமிட்ட கூட்டறிக்கை, மரியாளைக் குறிக்கும் இருவகை வழக்குகளையும் ஒரே விசுவாசத்தின் முறையான வெளிப்பாடுகளாக ஏற்றது. அது நெஸ்தோரியஸை விடுவித்துவிடவில்லை. ஆயினும், எந்தச் சொல்லின் பெயரால் அவர் வீழ்த்தப்பட்டாரோ, அந்தச் சொல் இன்று சபைகளைப் பிரிக்கும் சுவராக இல்லை.

தீர்ப்பை மாற்றச் சொல்லவில்லை. பிரதிவாதியின் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு எழுதுங்கள் என்கிறேன்.