பெட்டிக்கும் மூச்சு வேண்டும்

நம்முடைய ஜனங்கள் கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டியைப் பார்த்து ‘ஸி.பி.யு.’ என்கிறார்கள். ஸி.பி.யு. என்பது உண்மையில் அந்தப் பெட்டிக்குள்ளே, உள்ளங்கையில் அடங்கிவிடுகிற ஒரு சில்லு. பெட்டிக்கு வியாபாரிகள் வைத்திருக்கும் பெயர் கேபினெட். தன் பெயரையே உள்ளே குடியிருப்பவனுக்குத் தாரை வார்த்துவிட்ட அந்த அப்பாவிப் பெட்டியை, வாங்குகிற வேளையில் யார் மதிக்கப் போகிறார்கள்?

கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி ‘அஸெம்பிள்’ செய்துகொள்கிறவர்களைக் கவனித்திருக்கிறேன். பிராஸஸரைப் பற்றி ஒரு மாதம் விசாரிப்பார்கள். கிராபிக்ஸ் கார்டைப் பற்றிச் சிநேகிதர்களோடு சண்டையே போடுவார்கள். கடைசியில், “மிச்சமிருக்கிற பணத்துக்கு ஒரு கேபினெட் போட்டுக் கொடுங்கள்” என்பார்கள். சம்பந்தி வீட்டார், சமையல், நாகஸ்வரம் எல்லாம் பார்த்துப் பார்த்து ஏற்பாடு செய்துவிட்டு, மணமக்கள் குடியிருக்க வீடு பார்க்க மறந்துபோன கதைதான் இது!

இந்த அலட்சியத்தைக் கடைக்காரர்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். திருச்சியில் ஒரு கடையில் நான் கேபினெட் கேட்டபோது, அங்கிருந்த இளைஞர் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகளைக் காட்டினார். முன்பக்கம் கண்ணாடி, பக்கவாட்டில் கண்ணாடி, உள்ளே சிவப்பும் நீலமும் பச்சையுமாக மாறி மாறி மின்னுகிற விளக்குகள். பங்குனி உத்திரத்துக்குச் சப்பரம் ஜோடித்த மாதிரி இருந்தது.

“தம்பி, இதில் காற்று எந்த வழியாக உள்ளே போகும்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் போகும் ஸார். லைட் எட்டு விதமாக மாறும், பாருங்கள்” என்றார்.

அந்தப் பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. எதைக் கேட்கிறார்களோ அதைத்தானே அவர் விற்க முடியும்? நான் சண்டைக்கு அழைப்பது கேட்கிறவர்களைத்தான். ஒரு இயந்திரத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள், அதைக் காதால் அனுபவிக்கப் போகிறவர்கள் யார் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டாமா?

நான் திருவெள்ளறைவாசி. என்ஜினீயர் அல்ல, கதை எழுதிப் பிழைக்கிறவன். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டருக்கென்று தனி அறை கிடையாது. உங்களில் பலருடைய வீட்டிலும் இருக்காது. பையன் படிப்பது, பாட்டி படுத்துக்கொள்வது, விருந்தாளி வந்தால் உட்காருவது எல்லாம் அந்த ஒரே கூடத்தில்தான். அங்கே ராத்திரி பத்து மணிக்கு ஒரு பெட்டி கொசுவைப் போல ரீங்காரம் செய்தால், அது இயந்திரத்தின் குணம் என்று சகித்துக்கொள்ள வேண்டுமாம்! அது இயந்திரத்தின் குணமே அல்ல. பெட்டியின் குணம்.

விஷயம் மிக எளிது. உள்ளே மின்சாரம் ஓடினால் சூடு உண்டாகும். சூட்டை வெளியேற்ற விசிறி வேண்டும். காற்று வரும் வாசலைக் கண்ணாடியால் அடைத்துவிட்டால், விசிறி மூச்சு முட்டிக்கொண்டு வேகமாகச் சுற்ற வேண்டியிருக்கிறது. விசிறியின் வேகம் பாதியாகக் குறைந்தால் அதன் சத்தம் சுமார் 15 டெஸிபல் குறையும். 10 டெஸிபல் குறைந்தாலே நம் காதுக்குச் சத்தம் பாதியாகிவிட்ட மாதிரி தோன்றும். அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றவிட வேண்டும். 120 மில்லிமீட்டர் விசிறியைவிட 140 மில்லிமீட்டர் விசிறியின் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். அதே காற்றை அது அவசரமில்லாமல் தள்ளும். அவசரப்படுகிறவர்கள்தானே எங்கேயும் சத்தம் போடுகிறார்கள்?

“தலைக்கு மேலே மின்விசிறி கடகடவென்று ஓடுகிற வீட்டில் கம்ப்யூட்டரின் சத்தம் எங்கே கேட்கப் போகிறது?” என்று சிலர் கேட்பார்கள். கேட்கும். மின்விசிறியின் ஓசை ஒரே சீரானது. காது அதை மறந்துவிடும். கம்ப்யூட்டர் விசிறியோ சூடு ஏறும்போது கூவும், இறங்கும்போது அடங்கும், மறுபடியும் கூவும். மாறிக்கொண்டே இருக்கும் ஓசையைக் காது மறப்பதில்லை. தவிர, மார்கழி விடியற்காலையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு நாலு வரி எழுதலாம் என்று உட்காருகிறவனுக்கு இந்தச் சமாதானம் எதற்கு உதவும்?

இதற்கு நேர் எதிர்க்கட்சிக்காரர்களும் உண்டு. மேல்நாட்டில் ‘சத்தமில்லாப் பெட்டி’ என்று விற்கிறார்கள். நாலு பக்கமும் மூடி, உட்புறம் சத்தத்தை உறிஞ்சும் கனத்த அட்டையை ஒட்டியிருக்கிறார்கள். அதையே தருவித்துவிட்டால் போயிற்று என்பது இவர்கள் கட்சி. குளிர்தேசத்துக்கு அது சரி. சித்திரை வெயில் 100 டிகிரியைத் தாண்டிக் கொளுத்துகிற திருச்சி ஜில்லாவில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவது, கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு காவேரி மணலில் நடப்பதற்குச் சமானம். சூடு எல்லை மீறினால் பிராஸஸர் தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் பெட்டிக்குள்ளேயே வெந்துபோகும்.

அப்படியானால் வழி என்ன? எங்கள் ஊர்க் கோயிலைப் பாருங்கள். புண்டரீகாட்சப் பெருமாள் சந்நிதிக்கு இரண்டு வாசல்கள். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல் திறந்திருக்கும்; ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். பருவத்துக்கு ஏற்ற வாசல் என்பது எங்களுக்குப் புதிய யோசனை அல்ல. ஸ்வீடன் தேசத்து ஃபிராக்டல் டிஸைன் கம்பெனி 2020-ல் வெளியிட்ட ‘டிஃபைன் 7’ என்ற பெட்டிக்கு மேல்மூடி இரண்டு கொடுக்கிறார்கள்: ஒன்று கெட்டியான தகடு; மற்றொன்று தூசி வலையோடு கூடிய காற்று மூடி. கோடையில் ஒன்று, குளிரில் ஒன்று என்று நாமே மாற்றிக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஆன்டெக் கம்பெனியார் 2005-லேயே ‘பி 180’ என்ற பெட்டியில் மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் கீழே தனி அறை ஒதுக்கி, அதன் சூடு மற்றப் பாகங்களைத் தொடாமல் தனி வழியில் வெளியேறும்படி செய்தார்கள். பல்லவர் காலத்தில், தந்திவர்மன் ஆட்சியில், கம்பன் அரையன் இங்கே தோண்டிய மார்ப்பிடுகு பெருங்கிணற்றில் நாலு திசையிலும் தனித்தனிப் படிக்கட்டுகள் உண்டு. ஒரு துறையில் இறங்குகிறவர் அடுத்த துறையில் இருப்பவரைப் பார்க்க முடியாது. அவரவர் வழி அவரவருக்கு என்று பிரித்துக் கொடுத்தால் நெரிசலும் இல்லை, கூச்சலும் இல்லை என்பது ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்பே தெரிந்த சங்கதி.

பிரித்து மாட்டும் வசதியில் சத்தத்தை விடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. அது ஆயுள். பிராஸஸர் ஐந்தாறு வருஷத்தில் பழசாகிவிடும். ஆனால் இன்டெல் கம்பெனி 1995-ல் வகுத்த ‘ஏ.டி.எக்ஸ்.’ அளவு இன்றும் மாறவில்லை. மதர்போர்டைத் திருகும் துளைகள் அன்றைக்கு இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நல்ல பெட்டி ஒன்றை வாங்கினால் அதில் மூன்று தலைமுறை இயந்திரங்கள் வாழ்ந்துவிட்டுப் போகலாம். விளக்கு மின்னும் பெட்டியிலோ பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கே உரிய விசிறி, அதற்கே உரிய இணைப்பு; ஒன்று பழுதானால் எல்லாம் குப்பைக்கு. தன் வீட்டுப் பொருளைத் தானே திறந்து சரிசெய்ய முடியாதபடி விற்கப்படும் எதையும் நான் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பேன். அது நமக்குச் சொந்தமான பொருள் அல்ல. விலை கொடுத்துக் குடிவைத்துக்கொண்ட எஜமான்.

திருச்சிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை! பொன்மலை ரயில்வே பட்டறையும், 1965-ல் ஏற்பட்ட பெல் கொதிகலன் தொழிற்சாலையும் உள்ள ஊர் இது. துவாக்குடிப் பக்கம் இரும்புத் தகட்டைக் கையால் தட்டியே தரம் சொல்லக்கூடிய தொழிலாளிகள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் கட்டை விரலால் அமுக்கினால் குழிந்து விடுகிற தகரத்தை, விளக்கு மின்னுகிறது என்பதற்காக வாங்கி வருகிறோம்!

ஆகவே, அடுத்த தடவை கடைக்குப் போகிறவர்கள் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியைப் பாருங்கள். முன்பக்கம் காற்றுப் போகும் வலையா, அடைத்த சுவரா என்று பாருங்கள். தூசி வலையை உருவி எடுத்துக் குழாயடியில் அலம்ப முடியுமா, ஹார்ட் டிஸ்க் உட்காரும் இடத்தில் அதிர்வு தாங்க ரப்பர் வளையம் இருக்கிறதா, வேண்டாத தட்டுகளைக் கழற்றி வைக்கலாமா என்று விசாரியுங்கள். உங்கள் கிராபிக்ஸ் கார்டின் நீளத்தையும் பிராஸஸர் குளிர்விப்பானின் உயரத்தையும் ஒரு சீட்டில் குறித்துக்கொண்டு போங்கள். மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்கைப் பெட்டிக்கென்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தில் வாங்கும் பொருளாக அதை வைக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பெட்டி யார் கண்ணுக்கும் படாமல் மேஜைக்குப் பக்கத்தில் ஒதுங்கி நிற்கும். விளக்கு இல்லையே என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை உதட்டைப் பிதுக்குவான். பிதுக்கட்டும். கூடத்தில் படுத்திருக்கும் பாட்டி தூங்கிவிட்டாளா இல்லையா என்பதுதான் நான் ஒப்புக்கொள்ளும் பரீட்சை.