உள்ளே அதே கோலா... வெளியே ஏன் புதுப்புது ஓவியம்? குளிர்பான கேன்களின் ‘ஆர்ட்’ கணக்கு இதுதான்!

2011 நவம்பர். கிறிஸ்துமஸ் சீசனுக்காக அமெரிக்கா, கனடாவில் கோகோ கோலா தனது சிவப்பு கேனை வெள்ளையாக மாற்றியது. மேலே பனிக்கரடி படம். பனிக்கரடிகளைக் காக்க நிதி திரட்டுவதுதான் நோக்கம். 140 கோடி கேன்கள் வரை திட்டமிடப்பட்டன.

ஆனா, சில வாரங்களிலேயே புகார்கள் குவிந்தன. வெள்ளி நிற டயட் கோக் என நினைத்து சாதாரண கோலாவை எடுத்துட்டு வந்தவங்க ஒரு பக்கம். ‘டேஸ்ட்டே மாறிடுச்சு’ என்றவர்கள் இன்னொரு பக்கம். உள்ளே இருந்த பானத்தில் எந்த மாற்றமும் இல்லை! டிசம்பரிலேயே சிவப்பு கேன்கள் திரும்ப வந்துவிட்டன.

கேனின் வெளித்தோற்றம் வெறும் அலங்காரம் இல்லை என்பதற்கு இதைவிட சிறந்த உதாரணம் தேவையில்லை. அப்படியிருந்தும் குளிர்பான நிறுவனங்கள் ஏன் ஓவியர்களையும் டிசைனர்களையும் தேடிப் போகின்றன?

எங்கே தொடங்கியது?

1915-ல் கோகோ கோலா பாட்டில் தயாரிப்பாளர்களிடம் ஒரு சவாலை வைத்தது. இருட்டில் தொட்டாலும், உடைந்து தரையில் கிடந்தாலும் ‘இது கோக் பாட்டில்’ என்று தெரியணும். அப்படி உருவானதுதான் நடுவில் வளைந்த அந்தப் புகழ்பெற்ற பாட்டில்.

1962-ல் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் அதே பாட்டில்களை வரிசை வரிசையாக வரைந்தார். நிறுவனம் கேட்டு வரைந்த விளம்பரம் அல்ல அது. தினமும் கண்ணில் படும் கடைப் பொருளே கலைக்கூடச் சுவருக்குப் போனது.

பிறகு கதை தலைகீழானது. கலையே பாட்டிலுக்கு வந்தது.

* 2007: அமெரிக்காவில் மவுண்டன் டியூ, ஓவியர்களின் படைப்புகளை அலுமினிய பாட்டில்களில் அச்சிட்டது.
* 2010 முதல் 2013 வரை: ஐரோப்பாவில் டயட் கோக் பாட்டில்களை ஃபேஷன் டிசைனர்கள் கார்ல் லாகர்ஃபெல்ட், ஜான் பால் கோத்தியே, மார்க் ஜேக்கப்ஸ் அடுத்தடுத்து வடிவமைத்தனர்.
* 2013: பெரியர் நிறுவனம் தனது 150-வது ஆண்டுக்கு வார்ஹோல் ஓவியங்களுடன் பாட்டில்களை வெளியிட்டது.
* 2017: பெப்சிகோ, ‘லைஃப்வாட்டர்’ என்ற குடிநீர் பிராண்டையே ஓவியர்களை முன்வைத்து தொடங்கியது. லேபிள் ஓவியங்கள் தொடர் தொடராக மாறின.

நிறுவனத்துக்கு என்ன லாபம்?

ஒரு கோலாவுக்கும் இன்னொரு கோலாவுக்கும் சுவையில் இருக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். கடை ஃப்ரிட்ஜ் முன்னால் நிற்பவர் முடிவெடுக்க சில நொடிகள் போதும். அந்த நொடிகளில் கண்ணை இழுப்பது கேனின் முகம்.

புதிய பானம் உருவாக்க ஆராய்ச்சி, சோதனை, புதிய உற்பத்தி வரிசை என செலவு எகிறும். ஓவியம் மாற்ற அவ்வளவு தேவையில்லை. ‘லிமிடெட் எடிஷன்’ என்று சொன்னால், தீர்ந்துடுமோ என்ற பயத்திலேயே வாங்குபவர்களும் உண்டு. போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போடுபவர்கள் காசு வாங்காமலே விளம்பரம் செய்கிறார்கள்.

20 லட்சம் பாட்டில்... 20 லட்சம் டிசைன்!

வழக்கமான அச்சில் ஒவ்வொரு டிசைனுக்கும் தனி அச்சுத் தகடு வேண்டும். அதனால் ஒரே டிசைனை லட்சக்கணக்கில் அடித்தால்தான் கட்டுப்படியாகும். டிஜிட்டல் அச்சில் தகடே கிடையாது. சில மூல ஓவியங்களைக் கொடுத்தால், மென்பொருளே அவற்றை வெட்டி, சுழற்றி, பெரிதாக்கி ஒவ்வொரு லேபிளையும் வேறு மாதிரி ஆக்கிவிடும்.

2014-ல் இஸ்ரேலில் டயட் கோக் இப்படித்தான் சுமார் 20 லட்சம் பாட்டில்களை ஒன்றைப்போல் இன்னொன்று இல்லாமல் வெளியிட்டது. 2016-ல் அமெரிக்காவிலும் இதே பாணி வந்தது. ஓவியர் வரைவது சில டிசைன்கள். கடைக்கு வருவது லட்சக்கணக்கில். அதனால் ஒருமுறை கட்டணமா, காப்புரிமை யாரிடம், மென்பொருள் மாற்றியதில் அவர் பெயர் இருக்குமா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்ததே.

உண்மையான போட்டி எங்கே?

கேனின் முன்பக்கத்துக்கு இன்னொரு உரிமைக்காரரும் இருக்கிறார்: பொது சுகாதாரம். 355 மில்லி சாதாரண கோக் கேனில் சுமார் 39 கிராம் சர்க்கரை இருக்கிறது. உணவில் சேர்க்கப்படும் சர்க்கரை நாளுக்கு சுமார் 50 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார அமைப்பு. ஆனா இந்தக் கணக்கு பெரும்பாலும் கேனின் பின்பக்கம், பொடி எழுத்தில்தான் இருக்கும்.

அதனால்தான் சில நாடுகள் முன்பக்கத்தையே கேட்டு வாங்கின. சிலி 2016-ல் ‘அதிக சர்க்கரை’ என்ற கறுப்பு எண்கோண முத்திரையை முன்பக்கத்தில் கட்டாயமாக்கியது. முத்திரை விழுந்த பொருட்களில் குழந்தைகளைக் கவரும் கார்ட்டூன்களுக்கும் தடை போட்டது. மெக்சிகோ 2020-ல் அதே வழியில் போனது. இலங்கையில் 2016 முதல் குளிர்பானங்களுக்கு சிவப்பு, மஞ்சள், பச்சை என சர்க்கரை அளவைக் காட்டும் வண்ணக் குறியீடு வந்தது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல், பாக்கெட் முன்பக்கத்தில் நட்சத்திரக் குறியீடு போடும் வரைவை வெளியிட்டது. எச்சரிக்கை முத்திரைதான் வேண்டும் என சுகாதார ஆர்வலர்கள் அதை எதிர்த்தனர்.

ஆக, ஒரு கேனின் முகத்தில் சில அங்குல இடம். அதில் ஓவியம் எவ்வளவு, எச்சரிக்கை எவ்வளவு என்பதுதான் சண்டை. நிறம் மாறியதற்கே ‘சுவை மாறிடுச்சு’ என்று நாக்கு நம்பியது என்றால், அந்த இடத்தின் மதிப்பு நிறுவனங்களுக்கு நன்றாகவே தெரியும். ஓவியத்தை ரசிப்பதில் தப்பே இல்லை. வாங்குவதற்கு முன் கேனைத் திருப்பி, பின்பக்கத்தையும் ஒருமுறை படிச்சுடுங்க!