ஆடிக் காட்டினர், அச்சம் அகன்றது!

"கணிப்பொறியின் உள்ளே நடப்பது மேதைகட்கே விளங்கும், மற்றவர் மனப்பாடம் செய்து தேறினால் போதும்" என்பார் உளர். மாணவன் அறிவுக்குப் பூட்டும் தாழ்ப்பாளன்றோ இப்பேச்சு!

ருமேனியாவின் திரான்சில்வேனியாப் பகுதியில், சபியென்சியா பல்கலைக்கழகத்தார் 2011-இல் அத்தாழ்ப்பாளை உடைத்தனர். கருவி எது? நாட்டுப்புற நடனம்!

எண் அணிந்த ஆடுநர் பதின்மர் வரிசையாக நின்றனர். அடுத்தடுத்து நின்ற இருவர் ஆடியவாறே எண்களை ஒப்பிட்டனர். முன்னவர் எண் பெரிதெனில் இடம் மாறினர். சுற்றுதோறும், எஞ்சியோருள் பெரிய எண் கடைக்கோடி சேர்ந்தது. குமிழி வரிசையாக்கம் என்னும் படிமுறை இவ்வளவே! பதின்மர்க்கு 45 ஒப்பீடுகளே உச்ச அளவு. மந்திரமில்லை, மாயமில்லை, முழு வரிசையையும் அறிந்து ஆணையிடும் மேலோனும் இல்லை!

ஹங்கேரியர், ருமேனியர், ரோமா மக்கள், சாக்சனியர் ஆகியோரின் ஆடல்கள் வெவ்வேறு படிமுறைகளை விளக்கின. இனம் வேறு, இசை வேறு. ஆனால் தருக்கம் எவர்க்கும் பொது!

"கூத்து கல்வியாகுமா?" எனக் கேட்பர். கண்டு களிப்பதோடு நின்றால் ஆகாதுதான். ஆட்டத்தை இடையில் நிறுத்தி, "அடுத்து இடம் மாறுவோர் யார்? ஏன்?" என்று வினவுங்கள். காரணத்தோடு விடை கூறும் மாணவன், மனப்பாடத்தை வென்றவன்.

தோழர்களே, விளங்காது என மிரட்டுவது புலமையன்று. விளங்க வைப்பதே புலமை!