கவ்வாத்து மலையில் கொழுந்து கேட்போர்

உதைபந்தாட்டத்தில் மைதானத்துக்குள் ஆடுவோர் இருபத்திருவர். வெளியே நின்று ஆடுவோர் பல கோடிப் பேர். வெளியே நின்று ஆடுவோருக்குக் கால் வலிப்பதில்லை, மூச்சு இரைப்பதில்லை, தோற்றாலும் பதவி பறிபோவதில்லை. ஆகையினாலேதான் அவர்கள் வழங்கும் தீர்ப்புகள் எப்பொழுதும் கடுமையாக இருக்கின்றன போலும்!

நம் வட்டகொடைப் பகுதி இதற்கு விலக்கன்று. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அந்நாட்டுப் பனிக்காலத்தில், நமக்கு இரவு எட்டரை மணிக்கு வந்து சேருகிறது. பகல் முழுவதும் மலையில் உழைத்தவர்களும், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய மாணவர்களும் தொலைக்காட்சிக்கும் கைத்தொலைபேசிக்கும் முன்னால் கூடிவிடுகிறார்கள். மறுநாட் காலையில் வழக்கு தேநீர்க் கடைக்கு வருகிறது. இவ்வழக்கில் நெடுங்காலம் குற்றவாளிக் கூண்டில் நின்றவர் ரூபன் அமோரிம் என்னும் போர்த்துக்கேயர்.

அவருடைய கதை அனைவரும் அறிந்ததே. லிஸ்பன் நகரத்து ஸ்போர்ட்டிங் கழகத்தை, பத்தொன்பது ஆண்டு இடைவெளிக்குப் பின்னர் 2021இல் தன் நாட்டின் வெற்றிப் பட்டத்துக்கு இட்டுச் சென்றவர் அவர். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு. 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைட்டெட் கழகம் அவரைத் தன் முகாமையாளராக அழைத்தது. அப்பருவ முடிவில் அணி பெற்ற இடமோ பதினைந்தாவது! 2025 மே மாதத்தில் ஐரோப்பாக் கிண்ண இறுதியாட்டம் ஒன்றில் அவ்வணி டொட்டன்ஹாமிடம் தோற்றது. வென்ற டொட்டன்ஹாமின் நிலை இன்னும் விநோதமானது. கிண்ணத்தை ஏந்திய அக்கழகம் உள்நாட்டில் பதினேழாவது இடத்தில் கிடந்தது. கிண்ணம் வென்று பதினாறு நாட்களில் அதன் முகாமையாளர் பதவி நீக்கப்பட்டார். 2026 ஜனவரியில் அமோரிமும் விடைபெற்றார்.

“இளைஞர், கொள்கையுடையவர், அவருக்குக் காலம் கொடுத்திருக்க வேண்டும்” என்பது ஒரு சாரார் வாதம். இவர்கள் அலெக்ஸ் பெர்குசனைச் சாட்சிக்கு அழைப்பார்கள். அவர் 1986இல் அதே கழகத்துக்கு வந்தார்; முதலாவது லீக் பட்டத்தைக் கண்டது 1993இலேயாகும். “கொள்கை வேறு, பிடிவாதம் வேறு, தோல்வி கற்பித்தும் கேளாதவருக்குக் காலம் எதற்கு?” என்பது மறு சாரார் வாதம். மலை வேலையில் தலை நரைத்த பெரியவர் எவரேனும் அருகில் இருந்தால், “கவ்வாத்து வெட்டின மலையிலே மறுநாளே கொழுந்து கேட்டா எப்படி, தம்பி?” என்று ஒரு வார்த்தையில் கேட்டுவிடக் கூடும்.

அந்த ஒரு வார்த்தையை நாம் சற்று விரித்துப் பார்க்கலாம். இத்தகைய வழக்கொன்று மான்செஸ்டரிலும் பார்க்க நமக்கு நெருங்கிய ஒரு மலைநாட்டில் நடந்து தீர்ந்திருக்கிறது. இந்தியாவின் வடகிழக்கில், மிசோரம் மாநிலத்தின் தலைநகரான ஐஸ்வால், நம் ஊர்களைப் போலவே மலைமுகட்டில் அமைந்த நகரம்.

காலித் ஜமீல் என்னும் ஆட்டக்காரர் காயங்களினால் ஆட்டத்தைக் கைவிட நேர்ந்து, 2009இல், முப்பத்திரண்டாவது வயதில், மும்பை எப்.சி. கழகத்தின் பயிற்றுநரானார். செல்வச் செழிப்பில்லாத அக்கழகம், அக்காலத்தில் இந்தியாவின் முதற்பிரிவாக விளங்கிய ஐ-லீக் போட்டியில், ஆண்டுதோறும் கீழே விழாமற் தப்புவதையே வெற்றியாகக் கொண்டிருந்தது. ஏழு ஆண்டுகள் அதனை அவர் விழாமற் காத்தார். காத்தவருக்குப் புகழ் கிடைக்கவில்லை. “தற்காப்பு ஆட்டம், கண்ணுக்கு விருந்தில்லை” என்றே ரசிகர் பலர் குறை கூறினர். 2016இல் கழகம் அவரை விடுவித்தது.

அதே ஆண்டில் ஐஸ்வால் கழகம் முதற்பிரிவிலிருந்து கீழிறக்கப்பட்டிருந்தது. கோவாவின் கழகங்கள் போட்டியிலிருந்து விலகியமையால் மட்டுமே அதற்கு மீண்டும் இடம் கிடைத்தது. வேலையிழந்த பயிற்றுநரும் இடமிழந்து மீண்ட கழகமும் ஒன்று சேர்ந்தனர். உள்ளூர் மிசோ இளைஞர்களோடு, பிற கழகங்கள் பெரிதாக மதியாத சில வீரர்களையும் சேர்த்து ஜமீல் அணியை அமைத்தார்.

2017 ஏப்ரல் மாதத்தில் அது நிகழ்ந்தது. 1889இல் தோன்றிய கல்கத்தாவின் மோகன் பகானைத் தன் மலையில் ஒரு கோலால் வென்ற ஐஸ்வால், ஷில்லாங்கில் நடந்த கடைசி ஆட்டத்தைச் சமன்செய்து பட்டத்தைப் பெற்றது. பதினெட்டு ஆட்டங்களில் ஐஸ்வாலுக்கு 37 புள்ளிகள். மோகன் பகானுக்கு 36. வடகிழக்கு இந்தியாவின் கழகமொன்று நாட்டின் தலையாய பட்டத்தை வென்றது அதுவே முதற் தடவை. ஜமீலை விடுவித்த மும்பைக் கழகமோ, அதே பருவத்தில் பத்து அணிகளுள் பத்தாவதாகி வீழ்ந்தது.

இவ்விடத்தில் கதையை முடித்துவிட்டால் நீதி எளிதாகிவிடும். ஆனால் அடுத்த பருவத்தில் ஜமீல் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்குச் சென்றார். பணமும் பெயரும் பெருங்கூட்டமும் உள்ள இடம். அங்கு கிடைத்தது நான்காவது இடம். உறவும் ஓராண்டோடு முடிந்தது. 2025 ஆகஸ்டில் இந்திய தேசிய அணியே அவர் கைக்கு வந்தது. அடுத்த மாதம் மத்திய ஆசியப் போட்டியொன்றில் மூன்றாம் இடம் பெற்றபோது பாராட்டினர். ஒக்டோபரில் சொந்த மண்ணில் சிங்கப்பூரிடம் தோற்று ஆசியக் கிண்ண வாய்ப்பை இழந்தபோது தூற்றினர். ஒரே மனிதர், ஒரே மூளை. மாறியவை இடமும் ஆட்களும் கொடுக்கப்பட்ட காலமுமே.

மேலிருப்போர் சீர்கெட்டால் முகாமையாளரின் திறமை எங்ஙனம் பயன்படும்? நம் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் கொழும்பில் தெற்காசியத் தங்கக் கிண்ணத்தை வென்ற இலங்கையின் சம்மேளனத்தை, நிர்வாகத்தில் வெளியார் தலையீடு காரணமாக, உலகச் சம்மேளனம் 2023 ஜனவரியில் தடை செய்தது. ஆகஸ்டு வரையில் நம் அணிக்குச் சர்வதேச ஆட்டமே இல்லை. அவ்வேளையில் எத்தகைய மேதை பயிற்றுநராக இருந்திருப்பினும் என்ன செய்திருக்க முடியும்?

ஆயினும், காலம் கொடுத்தால் எல்லாம் கூடிவரும் என்று நாம் கூறவில்லை. கவ்வாத்து வெட்டிய மலை மாதக்கணக்கில் மொட்டையாக நிற்பது இயல்பு. ஆனால் கத்தி மழுங்கி, கிளை பிளந்து, நோய் பற்றினால் செடி பட்டுப்போவதும் உண்டு. அனுபவமுள்ள தொழிலாளி கொழுந்து வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பதில்லை. வெட்டிய கிளையில் துளிர் கட்டுகிறதா என்று பார்க்கிறார். ரசிகர்களும் பார்க்க வேண்டியது அதுவே. இளம் வீரர்கள் முன்னேறுகிறார்களா? சென்ற மாதம் செய்த பிழை இம்மாதமும் தொடர்கிறதா? தோற்ற பின்னரும் வீரர்கள் முகாமையாளரின் சொல்லை மதிக்கிறார்களா? துளிர் தெரிந்தால் பொறுத்திருக்கலாம். தெரியாவிட்டால் அவரை மாற்றுவதில் பாவமில்லை. புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்து வழங்கும் தீர்ப்பு, செடியைப் பாராமல் நிறுவைத் தராசை மட்டும் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

மான்செஸ்டருக்கு யார் வந்தாலும் போனாலும், நம் லயங்களில் அடுப்பு எரிவது நிற்காது. ஆனால் நம் தோட்டங்களிலும் முகாமையாளர்கள் இருக்கிறார்கள். நாம் தோட்டத் துரைமாரைக் குறிப்பிடவில்லை. வேலை முடிந்த மாலையில், சரிவான மைதானத்தில், ஒரேயொரு பந்தை வைத்துக்கொண்டு இருபது சிறுவர்களை ஓடவைக்கும் இளைஞனைக் குறிப்பிடுகிறோம். அவனுக்குச் சம்பளமில்லை. பிள்ளைகள் அடுத்த தோட்டத்திடம் நான்கு கோலால் தோற்று வந்தால், “இவனுக்கு என்ன தெரியும்?” என்னும் ஏச்சு மட்டும் தவறாமல் கிடைக்கும். இரண்டாம் ஏச்சுக்குப் பின் அவன் கொழும்புக் கடையொன்றில் வேலை தேடிப் போய்விடுவான். அவனுக்குப் பதிலாக மற்றொருவரை நியமிக்க நம்மிடம் கழகமும் இல்லை, பணமும் இல்லை. மைதானத்தில் மாடு மேயும். பிள்ளைகள் மாலை நேரத்தைக் கழிக்க வேறு வழி தேடுவார்கள். அவ்வழி எப்பொழுதும் நல்வழியாக இராது என்பதைப் பெற்றோர் அறிவர்.

ஆதலால், ஞாயிற்றுக்கிழமைத் தேநீர்க் கடை வழக்குகள் நடக்கட்டும். அதில் ஒரு சுவை உண்டு. ஆனால் வழக்கை முடித்துக்கொண்டு மாலையில் மைதானத்துப் பக்கமும் ஒருமுறை சென்று பாருங்கள். அங்கே பையன்கள் சென்ற மாதத்திலும் பார்க்க நன்றாக ஓடுகிறார்களானால், அந்த இளைஞனிடம் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இயன்றால் இரண்டாவது பந்தொன்றையும் வாங்கிக் கொடுங்கள்.