கையை மறவாதீர், கருவியை மறுக்காதீர்

உதகையில் 2022-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 150 மாணவர் அங்கே சேருகின்றனர். ஜெகதளாவிலும் அருவங்காட்டிலும் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலும் வாழும் நம் மக்கள் நாளை நாடிச் செல்லப்போவது இத்தகைய கல்லூரிகளில் உருவாகும் மருத்துவர்களையே. ஆகவே அவர்களுக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்னும் வினா பேராசிரியர்களுக்கு மட்டும் உரியதன்று, நமக்கும் உரியது.

கைப்பேசியோடு இணைத்துப் பார்க்கத்தக்க சிறிய மீயொலிக் கருவிகள், அதாவது நம் மக்கள் ‘ஸ்கேன்’ என்றழைக்கும் கருவிகள், இன்று வந்துவிட்டன. இவற்றைக் கையாளும் பயிற்சியை மருத்துவக் கல்வியின் முதலாண்டிலேயே தொடங்க வேண்டும் என்பர் ஒரு சாரார். அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகம் 2006-இலேயே இதைத் தொடங்கிவிட்டது. அவ்வாறு கற்பித்தால், பார்த்தும் தொட்டும் தட்டியும் கேட்டும் நோயறியும் கலை மாண்டுவிடும் என்பர் மறு சாரார். இவ்விரு சாராருமே கையையும் கருவியையும் பகைவராக்கிவிடுகின்றனர் என்பதே நமது குற்றச்சாட்டு.

வரலாறு என்ன சொல்கிறது? விடுதிக்காரரின் மகனான அவுன்புருகர் என்னும் ஆஸ்திரிய மருத்துவர், நெஞ்சைத் தட்டி நோயறியும் முறையை 1761-இல் எழுதி வெளியிட்டார். 1816-இல் பாரிசு நகரில், கத்தோலிக்க மருத்துவரான லென்னெக் தாளைச் சுருட்டி நோயாளியின் நெஞ்சில் வைத்துக் கேட்டார், ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. அன்று அதுவும் புதுமைக் கருவிதான். 1950-களில் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு, உலோகத்தின் விரிசலைக் கண்டறியும் தொழிற்சாலைக் கருவியைக் கொண்டு வயிற்றை ஆராய்ந்தார். அறுவை செய்ய இயலாத புற்றுநோய் எனக் கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது எளிதில் அகற்றத்தக்க சினைப்பைக் கட்டியே என்று கருவி காட்டிற்று, அவர் பிழைத்தார். கை தவறிய இடத்தில் கருவி உயிர் காத்தது. இதை மறுப்பவர் பழமையைக் காப்பவரல்லர், நோயாளியை மறப்பவரே.

ஆயினும் கையைப் புறக்கணிப்போருக்கும் நாம் ஒன்று கூறுவோம். அரிவாள் செல் சோகையின் கூறு நீலகிரிப் பழங்குடியினரிடையே 1952-இல் கண்டறியப்பட்டது. இந்நோயுள்ள குழந்தையின் மண்ணீரல் திடீரென வீங்கி, சில மணி நேரத்தில் உயிரைப் பறித்துவிடக்கூடும். ஜமைக்கா நாட்டில் தாய்மாருக்கே குழந்தையின் வயிற்றைத் தொட்டு அவ்வீக்கத்தை அறியக் கற்பித்தார்கள். இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. எழுத்தறிவு குறைந்த தாயும் தன் விரலால் அறியக்கூடியதை, ஐந்தாண்டு படித்த மருத்துவர் ஸ்கேன் சீட்டுக்காகக் காத்திருந்து அறிவதா? மழையில் மண் சரிந்து சாலை அடைபட்ட நாளில், மின்சாரமற்ற தோட்டக் குடியிருப்பில், மருத்துவருக்குத் துணை அவருடைய கைகளல்லவா?

அப்படியானால் வழி என்ன? இரண்டையும் ஒரே கட்டிலருகே, ஒரே பாடமாகக் கற்பிக்க வேண்டும். மாணவர் முதலில் நோயாளியின் சொல்லைக் கேட்கட்டும். பின்னர் தொட்டு, தட்டி, நெஞ்சொலி கேட்டு, தம் முடிவை உரக்கச் சொல்லட்டும். அதன் பின்னரே கருவியை வைத்துப் பார்க்கட்டும். கல்லீரலின் விளிம்பு தாம் சொன்ன இடத்தில் உள்ளதா? நுரையீரலைச் சூழ்ந்து நீர் கோத்துள்ளதா? தவறியிருப்பின் மீண்டும் கையை வைத்து உணரட்டும். இங்ஙனம் கருவி கைக்கு ஆசானாகிறது. கருவியை இருட்டறையில் பூட்டி, இறுதியில் சில வாரம் காட்டிவிட்டு அனுப்பும் கல்வியில் இப்பயன் கிட்டாது.

பெண் சிசுவைக் கருவிலேயே அழிக்க இதே கருவி பயன்பட்டதை நாம் மறக்கவில்லை. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடைசெய்த 1994-ஆம் ஆண்டுச் சட்டம் நீதியானது. ஒவ்வொரு கருவியும் பதிவு செய்யப்பட வேண்டும் என்னும் விதியும், பெயர்த்தெடுத்துச் செல்லும் கருவிகளுக்கு 2012-இல் விதிக்கப்பட்ட கட்டுப்பாடும் தேவையானவை. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி ஆறு வயதுவரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரவருக்குத் தமிழகத்தில் 943 பெண் குழந்தைகளே இருந்தனர். எனவே சட்டத்தைத் தளர்த்துங்கள் என்று நாம் கேட்கவில்லை. பதிவு பெற்ற கல்லூரி மருத்துவமனைக்குள், ஆசிரியரின் கண்முன், நெஞ்சையும் வயிற்றையும் ஆராயக் கற்பிக்கலாமே! சட்டத்தைச் சாக்காகக் காட்டிக் கற்பிக்காமல் விடுவது சோம்பல். கற்பிக்கும்போதே சட்டத்தின் நோக்கத்தையும் மாணவர் நெஞ்சில் பதிப்பதே கடமை.

சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்காவில் புகழ்பெற்ற ஆபிரகாம் வர்கீஸ், கணினித் திரையில் உள்ள நோயாளிக்கே மருத்துவர்கள் மருத்துவம் பார்க்கிறார்கள் என்று நெடுநாளாக எச்சரித்து வருகிறார். எவரும் நெருங்க அஞ்சிய தொழுநோயாளியை ஆண்டவர் தொட்டுக் குணமாக்கியதை அறிந்த நமக்கு, அவ்வெச்சரிக்கையின் பொருள் எளிதில் விளங்கும். தொடுதல் நோயை அறிவது மட்டுமன்று. நீ தனியே இல்லை என்று நோயாளிக்குச் சொல்வதுமாகும்.

நம் குடும்பங்களிலிருந்து மருத்துவம் படிக்கச் செல்லும் பிள்ளைகளே, ஸ்கேன் கருவியை அஞ்சாமல் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் தேயிலை பறித்துக் காய்த்துப்போன கை உங்கள்முன் நீட்டப்படும்போது, முதலில் அதைப் பற்றி நாடி பாருங்கள்.